போன் கத்தினால் களத்துக்கு

முதல் முறை அது அலறியபோது என் டீக்கடை பெஞ்சில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் பையிலும் இருந்த போன்கள் ஒரே நேரத்தில் ஊளையிட்டன. சைலண்டில் போட்டு வைத்திருந்த போன்கூடக் கத்தியது. ஒரு பெரியவர் அது வெடிக்கப்போகிறதென்று நினைத்து ரோட்டில் வீசிவிட்டார். நான் கையிலிருந்த டீயை என் காலிலேயே ஊற்றிக்கொண்டேன். அப்புறம் எடுத்துப் பார்த்தால், இது சோதனைச் செய்தி, பேரிடர் வந்தால் மக்களை எச்சரிக்க அரசாங்கம் செய்திருக்கும் ஏற்பாடு, யாரும் பயப்பட வேண்டாம் என்று இருந்தது. முதலில் உயிரை வாங்கிவிட்டு அப்புறம் பயப்படாதே என்கிறான்களே என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

ரோட்டுக்கு எதிரே ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலை. அதன் வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள் சௌந்திரம்.

"ஏனுங்கண்ணா, போனு கத்துனதுக்கே இந்த ஆட்டம்னா, எமன் வந்து கூப்புட்டா கடையவே தூக்கிட்டு ஓடிருவீங்களாட்ட இருக்குதே!"

என் பெயர் அறிவு. பெயரிலாவது இருக்கிறதே என்பது அவளுடைய வழக்கமான கேலி. அவளுக்கு நான் அண்ணா, எனக்கு அவள் அம்மிணி. ரோட்டுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள் என்று பல வருஷமாக ஒருவர் வாயில் ஒருவர் விழுந்து எழுந்துகொண்டிருந்தோம். இப்போது அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை ஓட மாட்டேனென்கிறது. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

ராசிபுரத்திலிருந்து ஆத்தூர் போகும் ரோட்டில் இந்த மாதிரி ஆலைகள் நிறைய. மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவெடுத்து, அதைக் குருணையாக உருட்டி, வறுத்து, சிமெண்டுக் களத்தில் காயவைத்தால் ஜவ்வரிசி. நீங்கள் விசேஷத்துக்குப் பாயசம் வைக்கிறீர்களே, அது எங்கள் வெயிலில் காய்ந்ததாகத்தான் இருக்கும். காய்கிற சமயத்தில் மழை விழுந்தால் போச்சு. ஒரு தூறல் போதும், குருணை ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகி, மறுநாள் புளித்த வாடையடிக்கும். நிறமும் பழுப்பேறிவிடும். அப்புறம் அதை மாட்டுத் தீவனத்துக்குக் கேட்டால் உண்டு.

அதனால் களத்தில் ஒரே ஒரு சட்டம். மழை என்று சத்தம் கேட்டால் அத்தனை பேரும் களத்துக்கு ஓட வேண்டும். வாயில் சோறு இருந்தால் துப்பிவிட்டு ஓட வேண்டும். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தால் பிள்ளையைக் கீழே கிடத்திவிட்டு ஓட வேண்டும். பலகையால் தள்ளிக் குவித்து, தார்ப்பாயை இழுத்து மூடி, ஓரத்தில் கல் வைத்த பிறகுதான் மூச்சு விடலாம். மழைக்கு உலகமே வீட்டுக்குள் ஓடும். எங்கள் ஊர்ப் பொம்பளைகள் வெளியே ஓடுவார்கள். அது யாருக்கும் விசித்திரமாகத் தோன்றியதில்லை, எனக்கும்தான்.

அந்தக் களத்துக்குச் சௌந்திரம்தான் ராணி. பேளுக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்தபோது கொஞ்சம் காடும் ஒரு கிணறும் இருந்தன. கிணறு வற்றியது. போர் போட்டார்கள், புழுதிதான் வந்தது. புருஷன் காளியண்ணனுக்கு ஊர் ஊராகப் போய்ப் போர் போடுகிற ரிக் வண்டியில்தான் வேலை. ஊருக்கெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுப்பவனுக்குச் சொந்தக் காட்டில் ஒரு சொட்டு கிடைக்கவில்லை என்று நாங்கள் சிரித்தோம். அவன் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று வண்டியோடு போய்விட்டான். பொங்கலுக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் வருவதோடு சரி. சௌந்திரம் களத்து வேலைக்கு வந்தாள். வரும்போது நாத்தனார் குஞ்சம்மாளையும் கையோடு கூட்டி வந்தாள்.

குஞ்சம்மாள் காளியண்ணனின் தங்கை. புருஷன் செத்த பிறகு மகள் கிருத்திகாவைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டவள். நாத்தனாரும் அண்ணியும் ஒத்துப்போன கதையை எங்கள் ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. இவர்கள் இருவரும் ஒரே தட்டில் தின்றார்கள். சௌந்திரம் பேசிக்கொண்டே இருப்பாள், குஞ்சம்மாள் தலையாட்டிக்கொண்டே இருப்பாள். கிருத்திகா சேலத்தில் கல்லூரிக்குப் போகிறாள். அவளைப் பெற்றவள் யார், வளர்த்தவள் யார் என்று புது ஆட்களுக்குக் குழப்பமாக இருக்கும். களத்தில் தார்ப்பாயின் ஒரு முனை சௌந்திரம் கையில் இருந்தால் மறுமுனை குஞ்சம்மாள் கையில்தான். வேறு யாராவது பிடித்தால் சௌந்திரத்துக்கு இழுக்க வராது.

ரொம்ப வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை களம் முழுக்க நனைந்து போய், அந்தப் பருவம் முழுக்க ஆலையைப் பூட்டிவிட்டார்கள். எல்லார் வீட்டிலும் அடுப்பு எரியத் திணறியது. அதிலிருந்து சௌந்திரத்துக்கு அது ஒரு வெறியாகவே ஆகிவிட்டது. தன் களத்தில் சரக்கு நனைந்தது என்று ஒருத்தரும் சொல்லிவிடக் கூடாது. காவலாளி மேகத்தைப் பார்த்து விசில் ஊதுவார். பாதி நாள் அவர் ஊதுவதற்குள் மழை வந்திருக்கும். மீதி நாள் ஊதிய பிறகு மழை வராது. இந்த விசிலை நம்பிக் கஞ்சி குடிக்க முடியாது என்று அவள் அந்த மனுஷனை வறுத்தெடுப்பாள்.

சோதனைச் செய்தி வந்து சில மாதம் கழித்து நிஜ எச்சரிக்கைகள் வர ஆரம்பித்தன. மாவு படக்கூடாதென்று பொம்பளைகள் தங்கள் போன்களைச் சோற்றுக் கூடையில் போட்டு, வறுவல் கொட்டகையில் ஓர் அலமாரியில் வைத்துவிடுவார்கள். ஒரு மத்தியானம் அத்தனை கூடையும் சேர்ந்து ஊளையிட்டது. யாரோ ஓடிப்போய் அழுத்தி நிறுத்திவிட்டு, இடியாம், மழையாம் என்றாள். வானம் வெளுத்துக் கிடந்தது. சௌந்திரம் ஒரு கணம் யோசித்தாள்.

"எதுக்கும் குமிச்சுருவோம், வாங்கடி."

குவித்து, மூடி, உள்ளே வந்து உட்கார்ந்து மிச்சச் சோற்றையும் தின்று முடித்தார்கள். அதற்கப்புறம் கொட்டியது பாருங்கள் மழை! பக்கத்து ஆலைக் களத்தில் ஜவ்வரிசி வாய்க்காலாக ஓடியது. இங்கே தார்ப்பாய்க்குக் கீழே ஒரு குருணை நனையவில்லை. முதலாளி சிவக்குமார் எல்லாருக்கும் என் கடையில் போண்டா வாங்கிக் கொடுத்தார். காவலாளியின் விசில் ஆணிக்குப் போயிற்று.

"இனி நம்ம விசிலு இதுதானுங்க" என்றாள் சௌந்திரம். "தாலி கட்டுன புருசங்கூட இப்படி முன்னக்கூட்டியே தாக்கல் சொல்றதில்ல."

அடுத்த தடவையும் அப்படித்தான், அதற்கடுத்த தடவையும். போன் கத்தினால் களத்துக்கு. யாரும் வானத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். அந்தச் செய்தியில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படிக்கவும் இல்லை. படிக்கத் தெரியாதவர்கள் அல்ல. சௌந்திரம் எட்டாவது வரை போனவள், என் கடைப் பேப்பரை வரி விளம்பரம் வரைக்கும் விடமாட்டாள். ஆனால் விசில் ஊதினால் விசிலையா படிப்போம்? சத்தம் கேட்டது, ஓடினார்கள்.

ஐப்பசியில் அது நடந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரம். வெயில் சுள்ளென்று அடித்தது. போதமலைப் பக்கம் மட்டும் கொஞ்சம் கறுத்திருந்தது. போன்கள் கத்தின.

"ஓடுங்கடி! வெரசா!" என்ற சௌந்திரத்தின் சத்தம் ரோட்டைத் தாண்டி எனக்கே கேட்டது.

குஞ்சம்மாள் அப்போதுதான் சோற்றுத் தூக்குப்போசியைத் திறந்திருந்தாள். அண்ணியை அவள் நங்கை என்று கூப்பிடுவாள். "நங்கை, ஒரு வாய் தின்னுட்டு வாரேனே" என்றாளாம். "வந்து தின்னுக்கலாம், எந்திரி கண்ணு" என்றாளாம் சௌந்திரம்.

நான் வடை மாவைப் பிசைந்துகொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை சுத்தமாக நடந்தது. எல்லாக் குவியலும் மூடியாகிவிட்டது, கடைசித் தார்ப்பாய்தான் பாக்கி. சௌந்திரம் கொட்டகை ஓரமாக ஒரு முனையைப் பிடித்து நின்றாள். குஞ்சம்மாள் மறுமுனையை இழுத்துக்கொண்டு களத்தின் நடுவுக்குப் போனாள்.

என் கண்ணெதிரே எல்லாம் வெள்ளையாகிவிட்டது. சத்தம் காதில் கேட்டதாக எனக்கு நினைவில்லை, நெஞ்சில்தான் விழுந்தது. அடுக்கி வைத்திருந்த கண்ணாடி டம்ளர்கள் சரிந்து உடைந்தன. கண் தெளிந்தபோது களத்தில் ஒருத்தியும் நிற்கவில்லை. கொஞ்சம் முன்னால் அத்தனை பேர் நின்று கத்திக்கொண்டிருந்த இடம் அது. மாவுக்கையோடு ரோட்டைத் தாண்டி ஓடினேன்.

அப்புறம் ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். காதைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். ஒருத்தி தன் கைகளையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். குஞ்சம்மாள் எழவில்லை.

"தொடாதீங்க! ஒடம்புல கரண்டு நிக்கும்!" என்று எவனோ கத்தினான். அது பொய். அப்படி எதுவும் நிற்காது என்று ஆஸ்பத்திரியில் பிறகு சொன்னார்கள். ஆனால் அந்த நேரத்தில் எல்லாரும் அவளைச் சுற்றி வட்டமாக நின்றோமே தவிர ஒருவரும் கிட்டப் போகவில்லை. சௌந்திரத்துக்கு இடது கால் மரத்துப்போயிருந்தது. அவள் கையை ஊன்றி இழுத்துக்கொண்டே வந்தாள்.

"அடிச்சா என்னையும் அடிக்கட்டும்" என்று சொல்லி, குஞ்சம்மாள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "குஞ்சு. ஏ குஞ்சு. எந்திரி சாமி."

சிவக்குமார் காரிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். ராசிபுரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் காருக்கே ஓடி வந்தார், நாடி பார்த்தார், நெஞ்சை அழுத்தி அழுத்திப் பார்த்தார். அப்புறம் சௌந்திரத்தின் முகத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது.

மழை? நாலு சொட்டு. மலைக்கு அந்தப் பக்கமே பெய்து முடித்துக்கொண்டது. திறந்து கிடந்த அந்தக் கடைசிக் குவியல்கூட நனையவில்லை. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு மேலே பார்த்துக் காறித் துப்பத் தோன்றுகிறது.

காளியண்ணன் ரயிலேறி வந்து சேர்ந்தபோது தங்கையின் சாம்பல்தான் இருந்தது. அவன் வந்த அன்றைக்கே கிராம நிர்வாக அலுவலரும் வந்தார். அவர் ஒரு சின்ன வயசுப் பெண். நிவாரணத்துக்கு எழுத வேண்டும் என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டார். சௌந்திரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். துணைக்கு நான் பக்கத்தில் இருந்தேன்.

"எச்சரிக்கை செய்தி போனுக்கு வந்துச்சாங்கம்மா?"

"வந்துச்சுங்க."

"வந்துமா எல்லாரும் வெளியில இருந்தீங்க?"

"வந்ததாலதானுங்க வெளிய போனோம்."

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்தினார். தான் சரியாகக் கேட்டோமா என்று என்னைப் பார்த்தார்.

"உள்ளதானுங்க உக்காந்திருந்தோம்" என்றாள் சௌந்திரம், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. "சோறு தின்னுட்டு இருந்தோம். அது கத்துச்சு. ஓடுனோம்."

அம்மாவின் போனை வைத்துக்கொண்டு மூலையில் இருந்தாள் கிருத்திகா. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அவள் போனில் எதையோ தேடி எடுத்து நிதானமாகப் படித்தாள். "உங்கள் பகுதியில் பலத்த இடி மின்னலுக்கு வாய்ப்புள்ளது. திறந்த வெளியில் நிற்க வேண்டாம். உடனடியாகக் கட்டிடத்துக்குள் செல்லவும்." படித்துவிட்டுத் தலையைத் தூக்கினாள்.

"அத்தை, உள்ள இருக்கச் சொல்லித்தான் அனுப்பியிருக்காங்க."

அவள் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால்கூட எங்களால் தாங்கியிருக்க முடியும். சௌந்திரம் கையை நீட்டிப் போனை வாங்கினாள். உதடு அசையப் படித்தாள். முதலிலிருந்து மறுபடியும் படித்தாள்.

"இதையா சொல்லுச்சு?" என்றாள் என்னிடம். "இத்தன நாளா இதையாண்ணா கத்துச்சு?"

நான் கடைக்கு வந்து என் போனில் பழைய செய்திகளையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே வரி. போண்டா தின்று கொண்டாடிய அன்றைக்கு வந்ததிலும் அதே வரி. ஒவ்வொரு தடவையும் அது உள்ளே போ என்று அலறியிருக்கிறது, ஒவ்வொரு தடவையும் இத்தனை பொம்பளைகளும் வெட்டவெளிக்கு ஓடியிருக்கிறார்கள், இதுவரை ஒருத்தியும் சாகாமல் இருந்ததுதான் அதிசயம். நான் இங்கே உட்கார்ந்து அவர்கள் வேகத்தை மெச்சிக்கொண்டிருந்தேன்.

சௌந்திரம் இனிக் களத்துப் பக்கமே வரமாட்டாள் என்று நினைத்தேன். காரியமெல்லாம் முடிந்ததும் வந்தாள். வந்ததும் நேராகச் சிவக்குமாரிடம் போனாள்.

"போனு கத்துனா ஒருத்தியும் வாசப்படி தாண்டக் கூடாதுங்க. சரக்கு நனைஞ்சா நனையட்டும். அதுக்குச் சம்மதம்னா நான் வேலைக்கு வாரேன்."

"சரிங்கக்கா. சரக்கு போனாப் போகுது" என்றார் அவர். மனசாரத்தான் சொன்னார், அருகில் நின்று கேட்டேன். கெட்ட மனுஷன் இல்லை.

அவள் எல்லாரையும் உட்கார வைத்து, அந்தச் செய்தியை ஒவ்வொருத்தி வாயாலும் படிக்க வைத்தாள். தினமும் வேலை தொடங்குவதற்கு முன்னால், போனு கத்துனா என்னடி செய்யோணும் என்று கேட்பாள். உள்ளயே இருக்கோணும் என்று எல்லாரும் சொல்ல வேண்டும். குஞ்சம்மாள் இடத்துக்கு அன்புச்செல்வி என்று ஒரு பெண் வந்திருந்தாள். முதல் பிள்ளை வயிற்றில். அவளை மட்டும் தனியாகக் கூப்பிட்டு இரண்டு தடவை கேட்பாள். இன்னொருத்தி உயிர் போகக் கூடாது. சௌந்திரத்துக்கு வாழ்க்கையில் வேண்டியதெல்லாம் அது ஒன்றாகத்தான் இருந்தது. கேலி, கிண்டல் எதுவும் இல்லை. டீ வாங்க வந்தால் வாங்கிக்கொண்டு போய்விடுவாள்.

கார்த்திகை பிறந்ததும் மறுபடி போன்கள் கத்தின.

மேற்கே கறுத்து, உருண்டுகொண்டிருந்தது. நான் கடையை விட்டு ரோட்டோரம் வந்து நின்று எதிரே பார்த்தேன். இன்றைக்குப் பத்திரமாக உள்ளே இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்து முடிப்பதற்குள் கொட்டகையிலிருந்து கூட்டமாக வெளியே வந்தார்கள். பலகையும் கையுமாக ஓடி வந்தார்கள். அத்தனை பேருக்கும் முன்னால், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அன்றைக்கு மரத்து இன்னும் சரியாகாத காலை இழுத்து இழுத்து ஓடி வந்தவள் சௌந்திரம்.

என் கண்ணை என்னால் நம்ப முடியவில்லை. ஒரு வரிசையைத் தள்ளிக் குவித்தேவிட்டாள்.

"அம்மிணி!" என்று அலறிக்கொண்டே ரோட்டைக் கடந்து ஓடினேன். "ஏ அம்மிணி! என்ன பண்ற நீ!"

என் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். கையிலிருந்த பலகையைப் பார்த்தாள். அதை யார் தன் கையில் கொடுத்தது என்று தெரியாதவள்போலப் பார்த்தாள். அப்புறம் திரும்பினாள். களத்தின் நடுவில் அன்புச்செல்வி, வயிற்றைத் தள்ளிக்கொண்டு, தார்ப்பாயின் மறுமுனையைப் பிடித்து நின்றாள். "அக்கா, உங்க முனையப் புடிங்க!" என்று கூப்பிட்டாள்.

சௌந்திரம் போட்ட கூச்சலை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது. பலகையை வீசி எறிந்துவிட்டு ஓடிப்போய் அந்தப் பெண்ணைத் தோளோடு பிடித்து இழுத்தாள். எதிர்ப்பட்டவர்களையெல்லாம் அடித்தாள், தள்ளினாள், தலைமுடியைப் பிடித்துக்கூட இழுத்தாள். கடைசி ஆளையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினோம். நான் கதவில் முதுகை வைத்துக்கொண்டு நின்றேன். வெளியே எங்கோ பக்கத்தில் இடி விழுந்தது. தகரக்கூரை அதிர்ந்தது. அப்புறம் மழை பிடித்துக்கொண்டது.

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எல்லாருக்கும் செய்தி மனப்பாடம். அன்றைக்குக் காலையில்கூடச் சொன்னார்கள்.

சௌந்திரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். "நான் படிச்சேனுங்கண்ணா" என்றாள். "எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டிப் படிச்சேன். எல்லாத்துக்கும் சொல்லிக் குடுத்தேன். குஞ்சை இந்தக் கையாலதான் தூக்கிக் குடுத்தேன். பொறவு நான் எப்படிங்க அங்க போய் நின்னேன்?"

நான் ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு வந்து அவள் முன்னால் வைத்தேன்.

அன்புச்செல்வி அழ ஆரம்பித்தாள். "நீங்க ஓடுனீங்க, அக்கா. அதான் நானும் வந்தேன்."

சௌந்திரம் கை நீட்டி அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு எழுந்து தன் கூடையை எடுத்து, போனை அதற்குள் போட்டுக்கொண்டு, மழை விடும்வரை கதவோரம் நின்றாள்.

"மொதலாளிகிட்டச் சொல்லிருங்கண்ணா" என்றாள். "நாளையிலிருந்து நான் வாரதில்ல. நான் ஓடுனா இவளுக ஓடுவாளுக."